மூன்று கால் மானின் சொந்தக்காரன்

ஜூன் 3, செவ்வாய்
விடியவே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. வள்ளத்தில் அடித்த பெயின்ற் காயமுன் தூசி ஒட்டும். வேலை இல்லை.

ரவூப் நானா போனும் கையுமாகத் துறைமுகத்தடிக்கு ஓடி வந்தார். "இங்க பாருங்க, உங்கட மான் கொழும்பில சேட்டில நிக்குது."

ஒன்லைன் கடை. கறுப்பு டீசேட், நெஞ்சில் என் மான். நானாவின் வள்ளத்து முகப்பில் நான் பெயின்ற்றால் கீறியதேதான். மூன்று கால். நாலாவது வரவேண்டிய இடத்தில் வள்ளத்தின் பதிவு இலக்கம், அதனால் விட்டேன். அதையும் அப்படியே எடுத்திருக்கிறார்கள். என் பெயர் மட்டும் இல்லை.

கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒரே சந்தோசம். ஐந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. சரி, ஐம்பது.

ஜூன் 4, புதன்
அக்காவின் மகள் வதனி, சட்டத்தரணி. அவளிடம் போனேன். கொண்டுபோனவை: வள்ளத்தின் படம், பெயின்ற் பில், சாட்சிக்கு நானா.

"கீறின ஆளுக்குத்தான் உரிமை, மாமா. பதியவும் தேவையில்லை. உங்களுக்கு என்ன வேணும்?"

"சேட்டில என்ர பெயர்."

"அவ்வளவுதானோ?"

"பெரிய எழுத்தில."

சட்டம் இவ்வளவு நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடாது. படித்திருந்தால் இன்றைக்கு நீதிபதி.

ஜூன் 9, திங்கள்
வதனி அனுப்பிய கடிதத்துக்குக் கடையின் பதில். கூடவே ஒரு வீடியோ. அதில் நான். போன வருடம் உப்புவெளிக்குச் சுற்றுலா வந்த சோடி எடுத்து இணையத்தில் போட்டது. வள்ளத்து மானைக் காட்டிச் சொல்லுகிறேன்: "இது போர்த்துக்கேயர் காலத்துச் சின்னம். கோட்டைக் கல்லில நானூறு வருசமா இருக்கு. பாத்துக் கீறினனான்." நல்ல குரல் எனக்கு.

கடைக்காரர் கேட்கிறார்: நானூறு வருடச் சின்னம் என்றால் பொதுச்சொத்து, இவருக்கு என்ன உரிமை?

வதனி இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். "மாமா, அப்பிடி ஒரு கல் இருக்கோ?"

"இருந்தா வடிவா இருக்கும்."

"இருக்கோ?"

"இல்லை."

"அப்ப, சொன்னது பொய் எண்டு சத்தியக்கடதாசியில கையெழுத்து வைக்கவேணும்."

வைத்தால் ஊர் முழுக்கப் பொய்யன். வைக்காவிட்டால் மான் எனக்கில்லை. சோறு இறங்கவில்லை. இறால் மட்டும்.

ஜூன் 11, புதன்
சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் வீட்டு விறாந்தை. கதிரைகளில் எட்டுப் பேர். அவர் சத்தமாக வாசித்தார்: "கோட்டைக் கல் பற்றி நான் கூறியது பொய்." கண்ணாடியைக் கழற்றினார்.

"அட பாவி. உந்தக் கல்லைக் காட்ட என்ர சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போனனான்."

"கண்டனீங்களோ?"

"நான் காணேல்ல. அவர் கண்டவராம்."

கையெழுத்து வைத்தேன். 'வடிவாகச் சொன்ன பொய்' என்று சேர்க்கக் கேட்டேன். வதனி விடவில்லை.

ஜூன் 18, புதன்
கடை ஒப்புக்கொண்டுவிட்டது. சேட்டில் பெயர் வரும். நானாவைக் கட்டிப்பிடித்தேன், அவர் கட்டியிருந்த சாரத்தில் என் கைப் பெயின்ற். மானைப் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பட்டாம், கடையின் இணையப் பக்கத்தில் போட.

"உண்மை மட்டும், மாமா," என்றாள் வதனி.

காலை ஏழு மணியிலிருந்து கதிரையில். எழுதியது:
இதைக் கீறியவன் நான்.
நாலாவது காலுக்கு இடம் இருக்கவில்லை.

இன்னும் மூன்று வரி வேண்டும்.