கதவில்லாத ஜீப்பில் ஏசி

அன்புள்ள டாரிஸ்,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், இந்த அரிசோனா வெயில் என்னைவிட நலம்.

நேற்று சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி நான் ஓட்டும் சுற்றுலா ஜீப்பில் ஏறியதும், "ஏசியக் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்றாள். கதவுமில்லை, கூரையுமில்லை, எதைக் கூட்டுவது? உள்ளே ஐஸை வைத்துச் சுருட்டி நான் கழுத்தில் கட்டியிருந்த துணியையும், "பாவம், என் நாய்க்குட்டிக்குக் குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். மலை இறங்கும்போது லேசாகக் கண் இருட்டியது. ஓரமாக நிறுத்திவிட்டேன், பயப்படாதே. அதற்கும், "நிழல்ல நிறுத்தக் கூடாதா?" என்கிறாள்! துணி நாயோடு போயே போய்விட்டது.

உன் நீலக் கழுத்துத் துணியை அனுப்பு. இதோ, அடுத்த கூட்டம் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறது. போகிறேன். துணியை நீ கட்டியிருந்தபடியே, துவைக்காமல் அனுப்பு.

உன் மெர்ல்