தனிக் கிண்ணம்

கன்தோ, தீவு வீடு
7 நவம்பர் 2023

அன்பு மகள் தாஸோமுக்கு,

அம்மா லாய் எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டதாக நீ எழுதியதைப் படித்த அன்று கடையில் இரண்டு பேருக்கு மீனைத் தப்பாக நிறுத்துக் கொடுத்தேன். ஆறு வயதில் விட்டுவந்த பிள்ளை இருபது வயதில் தனியாக வருகிறாள் என்றால் கை எப்படி நிதானத்தில் இருக்கும்?

பதினாறாம் தேதி வியாழக்கிழமை ஸைகோனில் இறங்கியதும் பஸ் பிடித்துக் கன்தோவுக்கு வந்துவிடு. படகுத்துறைக்கு எதிரே தியெப் அக்காவின் விடுதி. அன்று முழுக்கத் தூங்கு. தீவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வா, துறையிலேயே நிற்பேன். வியாழக்கிழமை மட்டும் வராதே. வீட்டில் ஒரு வேலை இருக்கிறது.

என் வீட்டுக்காரர் லுவானிடம் நீ வருவதை இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன். நல்ல மனுஷர், பயப்படாதே.

போனில் உன் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். நீயோ மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. கொரியாவில் காகிதம் அவ்வளவு விலையா? வெயிலுக்குத் தொப்பி கொண்டு வா.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா


தியெப் அக்கா விடுதி
16 நவம்பர், வியாழன்

அம்மாவுக்கு,

பத்திரமாக வந்துவிட்டேன். மூன்று வரி போதாது என்றீர்கள். இன்று நிறைய எழுதுகிறேன்.

காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. தெருவைக் கடக்கத் தெரியாமல் வெகு நேரம் ஒரே இடத்தில் நின்றேன். காய் விற்கும் ஒரு அம்மா கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. எதிரே படகு நின்றது, ஏறிவிட்டேன். உங்கள் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம்.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. எட்டிப் பார்த்தவளை ஒரு பெரியம்மா விடவில்லை.

"வாம்மா, வெயில்ல ஏன் நிக்கிற? திவசத்து வீட்டுல வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்ப மாட்டோம். எந்த ஊரு?"

"கொரியா," என்றேன், சின்னதில் நீங்கள் சொல்லித்தந்த பேச்சில்.

"அட, நம்ம பேச்செல்லாம் பேசுது பாரு. வயசு என்ன?"

"இருபது."

"அப்ப நான் உனக்குப் பெரியம்மா. உக்காரு. இப்படி எலும்பா இருக்கியே, உங்கம்மா சோறே போடலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணத்தில் மண்சட்டி மீன் குழம்பும் சோறும் வந்தது. யாருக்குத் திவசம் என்று கேட்டேன்.

"இந்த வீட்டுப் பொண்ணுக்கு. லாயோட மொதப் புள்ள. சின்னதுலயே போயிருச்சு. லுவான் பெத்த புள்ள இல்ல, ஆனா வருஷம் தவறாம அவன்தான் சமைப்பான். லாய் ஐஸ் வாங்கத் துறைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா."

முன்னோர் படங்களின் நடுவே, ஊதுவத்திக்குப் பின்னால் நான் இருந்தேன். மஞ்சள் ஸ்வெட்டர், முன்பல் இல்லை. கொரியாவில், நம் குன்சான் வீட்டு வாசலில் எடுத்த படம். அப்பாவிடமும் அதன் பிரதி இருக்கிறது.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். அப்போது உங்கள் வீட்டுக்காரர் படையலில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துப் பையில் போட்டார். "தனியா வந்திருக்க, ராத்திரி பசிச்சா சாப்பிடு," என்றார். அதையும் இப்போது சாப்பிட்டுவிட்டேன்.

நாளை துறையில் நிற்க வேண்டாம். ஞாயிறு இரவு விமானம். அதற்குள் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. இதைத் தியெப் அக்கா காலைப் படகில் கொண்டுவருவார்.

தாஸோம்


தீவு வீடு
17 நவம்பர், வெள்ளி

என் கண்ணே,

உன் கடிதம் வரும்போது துறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரியே வீட்டுக்காரர் சொன்னார்: "ஒரு வெளிநாட்டுப் பொண்ணு வந்துச்சு லாய், நல்லா சாப்பிட்டுச்சு. பாவம், யாருமே இல்லாத மாதிரி முகம்." அது நீதான் என்று அப்போதே தெரிந்துபோனது.

நீ செத்துவிட்டதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பா வீட்டில் உன்னை விடமாட்டோம் என்றார்கள், வெறுங்கையோடு வந்தேன். இவரைக் கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் படம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் கிளம்பி வந்த தேதியில் வருஷா வருஷம் சோறு இறங்காது. பார்த்தவர் தானாக ஒன்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் படத்துக்குக் கண்ணாடி போட்டு வந்து மேலே வைத்தார். "புள்ளைய ஏன் இருட்டுல வச்சிருக்க," என்றார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாராவது பக்கத்தில் இருக்க, வாய்விட்டு அழ எனக்கு வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தது. அதை விட முடியவில்லை.

இன்று அவரிடம் எல்லாம் சொன்னேன். படத்தை இறக்கினார், கண்ணாடியைத் துடைத்தார். "உசுரோட இருக்கற புள்ளைக்கா இத்தன வருஷம் சோறு வச்சேன்," என்றார். பிறகு, "காலையில என்ன சாப்பிடுவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். திட்டுவதானால் வந்து திட்டு. வராமல் போய்விடாதே.

அம்மா


தியெப் அக்கா விடுதி
17 நவம்பர், மதியம்

அம்மாவுக்கு,

அவர் கீழே உட்கார்ந்திருக்கிறார். பதில் வாங்காமல் போகமாட்டாராம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. வந்தாலும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களும் அழ வேண்டாம்.

படத்தைத் திரும்ப மேலே வைத்துவிடுங்கள். அந்த மஞ்சள் ஸ்வெட்டர் பிள்ளை நீங்கள் கிளம்பிய அன்றே போய்விட்டாள். குன்சானில் யாரும் அவளுக்குச் சோறு வைக்கவில்லை, இவர்தான் வைத்தார். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கடிதத்தை அவரிடம் கொடுக்கிறேன். அடுத்த படகில் நான் வருகிறேன். காலையில் நான் கஞ்சி சாப்பிடுவேன். அவளுக்கு வைக்கும் கிண்ணம் அவளுக்கே இருக்கட்டும். எனக்கு வேறு கிண்ணம் வையுங்கள்.

தாஸோம்