ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்கள்

டோக்கியோ
2005 பிப்ரவரி 6

அன்புள்ள நெகிஷி,

உங்கள் ஊரில் பனி இரண்டாள் உயரம் என்று செய்தியில் சொன்னார்கள். நீ ஓட்டும் பனி அள்ளும் வண்டியில் ஹீட்டர் வேலை செய்கிறதா?

வியாழக்கிழமையும் தோற்றேன். இந்தப் பருவத்தில் ஏழாவது. மார்ச் 8 கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் தரவரிசையிலிருந்து வெளியே. அப்புறம் பத்து வருஷம் சில்லறைப் போட்டிகள், பிறகு கட்டாய ஓய்வு.

நம் ஷோகிச் சதுரங்கச் சங்கத்தில் ஓர் இளைஞன் இன்னொருவனிடம் சொன்னான்: "உனக்கு இசோமுரா சாரோட ஆட்டமா? அன்னிக்கு லீவுன்னு நெனச்சுக்கடா." கதவுக்கு இந்தப் பக்கம் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் போகாமலே விலகிவிட நினைக்கிறேன். விலகல் கடிதம் மேஜையில் இருக்கிறது. காரணம் உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது.

1994 செப்டம்பர், பயிற்சி லீக்கின் கடைசி நாள். காலை ஆட்டம் நமக்குள். ஜெயிப்பவன் தொழில்முறை ஆட்டக்காரன். தோற்பவனுக்கு இருபத்தாறு வயது வரம்பு, அத்தோடு சரி. கடிகாரத்தில் எனக்குச் சில நொடிகள். உன்னிடமிருந்து வெட்டிக் கையில் வைத்திருந்த சிப்பாயை என் காயாகப் பலகையில் இறக்கினேன். அந்த வரிசையில் என் சிப்பாய் ஒன்று ஏற்கெனவே நின்றது; ஒரே வரிசையில் இரண்டு வைப்பது விதிமீறல். எட்டு வயதுப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. நீ விரல் நீட்டியிருந்தால் அந்த நொடியே நான் தோற்றவன்.

கையை எடுத்ததும் பார்த்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. இரண்டு நகர்த்தல் கழித்து அதை நீயே வெட்டினாய். கடைசியில் தலை குனிந்து, "தோத்துட்டேன்" என்றாய். மதிய ஆட்டம் தொடங்கும்வரை நான் சொல்லியிருக்கலாம். தொடங்கிவிட்டால் முடிவு மாறாது. நான் நூடுல்ஸ் சாப்பிடப் போனேன்.

பத்து வருஷத்துக்கு மேலாக உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உருப்படியாகவும் உட்காரவில்லை.

விலகட்டுமா? சொல்.

இசோமுரா


தோகாமாச்சி
பிப்ரவரி 13

இசோமுரா,

ஹீட்டர் வேலை செய்யவில்லை. உன் கடிதத்தை வண்டியிலேயே படித்தேன். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

நானும் பார்த்தேன். நீ கையை எடுப்பதற்கு முன்பே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆட்டம் என் பக்கம் இருந்தது. ஒரு சிப்பாயைச் சுட்டிக்காட்டி வாங்கிய ஜெயத்தோடு தொழிலுக்குள் நுழைவதா? பலகையிலேயே இவனை முடிக்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர். பிறகு கோட்டை விட்டேன்.

அது என் தப்பு. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டவன். ஷோகியில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் உன் பாவம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போகாதே.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மியெ கேட்டாள்: "யாருங்க அது? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒருத்தன், விலகட்டுமான்னு கேக்கறான்."

"உங்ககிட்டயா? நல்ல ஆளாப் பாத்துதான் கேட்டிருக்காரு."

போய் ஆடு. தோற்றுவிட்டு வேண்டுமானால் விலகு. என்னைக் காரணம் காட்டாதே.

நெகிஷி


டோக்கியோ
மார்ச் 14

அன்புள்ள நெகிஷி,

தோற்றேன். 131 நகர்த்தல்கள். எதிரில் லீவு எடுக்க வந்தவன்தான். முடிந்ததும் வழக்கம்போல ஆட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தோம்.

"எந்த எடத்துல விட்டீங்கன்னு நெனக்கிறீங்க, சார்?"

"காலைல எந்திரிச்சப்ப."

அவன் சிரிக்கவில்லை. யோசித்துத் தலையாட்டினான்.

விலகல் கடிதம் இன்னும் மேஜையில்தான். கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

நம் ஆட்டத்தை நாம் மறுபடி வைத்துப் பார்க்கவே இல்லை. நீ கழிப்பறைக்குப் போய்விட்டாய். இப்போது தனியாக மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் உன் பக்கம் இல்லை, நெகிஷி. அந்தச் சிப்பாயை விட்டுவிட்டு வெள்ளித் தளபதிக் காயை உன் ராஜாவின் தலைக்கு நேரே வைத்திருந்தால், பதினோரு நகர்த்தலில் உன் கதை முடிந்திருக்கும். இருவருக்குமே தெரியவில்லை. கட்டம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

இதை எழுதாமல் விட்டுவிடப் பார்த்து இரண்டு தாள் வீணாக்கினேன். உனக்கென்று வைத்திருந்ததை நானே பிடுங்குகிறேன் என்று தெரிகிறது. ஆனால் உன்னிடம் ஒருமுறை வாய் மூடி இருந்து பார்த்தாயிற்று.

இசோமுரா


தோகாமாச்சி
ஏப்ரல் 3

இசோமுரா,

இரண்டு வாரம் உன் கடிதத்தைத் தொடவில்லை. இவனெல்லாம் என்ன மனிதன் என்று உன்னைப் பற்றி மியெயிடம் கத்தினேன். "அவருக்கு எழுதுங்க, எங்கிட்ட ஏன் கத்தறீங்க?" என்றாள்.

என்னிடம் பலகை கிடையாது. பழைய நாட்காட்டியின் பின்பக்கம் கட்டம் போட்டு, அரிசி பிஸ்கட்டுகளின் மேல் காய்களின் பெயரைப் பேனாவால் எழுதி வைத்தேன். குளித்துவிட்டு வந்தால் ஒரு கட்டம் காலி. மியெ மென்றுகொண்டே, "ராஜாவா அது? சொல்லக் கூடாதா?" என்றாள். மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.

ஒன்பதாவது நகர்த்தலில் தங்கத் தளபதியை வைக்கிறாய். என் ராஜா பக்கவாட்டில் ஒதுங்குவான் என்று நீயாக எழுதிவிட்டாய். ஏன் ஒதுங்க வேண்டும்? மேலே ஓடுகிறேன், உன் காய்களுக்கு நடுவிலேயே. உன் வெள்ளிக்கு எட்டாது. பதினோரு நகர்த்தலில் முடியாது. அதன்பின் யார் ஜெயிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்தவனுக்கு இது தெரியவில்லை என்றால் உன்னைத் தரவரிசையிலிருந்து எடுத்தது நியாயம்தான்.

கோபம் போகவில்லை. ராஜாவை மேலே நகர்த்திவிட்டேன். உன் முறை.

நெகிஷி