சிவப்பு இலக்கங்கள்

ஊர்காவற்றுறை
18.02.2007

அன்பு மகள் நிமலினிக்கு,

மாதாவின் காவல் உனக்கு இருப்பதாக. முந்திய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கோபத்தில் நீ என்னைப் போலத்தான்.

கடற்கரைப் பழைய கோயில் இனி இல்லை. பறங்கியர் காலத்துச் சுவர்க் கல் முழுவதும் இராணுவத்தின் காவலரண் கட்டப் போய்விட்டது. ஊர்ச் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி மனு எழுதக் கேட்டேன். “இராயப்பண்ணை, ஊரிலை ஆக்களைக் காணேல்லை, உமக்குக் கல்லோ?” என்றான் பஸ்ரியாம்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய குசினிச் சுவரிலும் அந்தக் கோயில் கல் பன்னிரண்டு இருக்கிறது. எனக்குத் தெரியும்.

நடந்ததை நீ பிறர் வாயால்தான் கேட்டிருப்பாய். இடிந்தால் திரும்ப அடுக்கலாம் என்றுதான் ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பெயின்ற்றால் இலக்கம் போட்டேன். எந்தக் கல் எங்கே என்று கொப்பியில் வரைந்தேன். புத்தகம் பார்த்து நானே படித்த வேலை. அதில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன். இராணுவ முகாம்காரர் அதை இயக்கத்தின் இரகசியக் குறி என்று நினைப்பார்கள் என எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

அவர்கள் விசாரிக்க வந்த அன்று நான் வேலணைக்குப் போயிருந்தேன். எழுதியது யார் என்று அவர்கள் கேட்டபோது, “நான்தான் எழுதினனான்” என்றாராம் உன் புருஷன் டிலோன். இந்த வயதில் என்னைக் கொண்டுபோவார்கள் என்று பயந்திருப்பார். அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். ஏணி பிடித்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் முகாமுக்குப் போய், எழுதியது நான் என்றேன். கிழவனுக்கு மூளை சரியில்லை என்று துரத்தினார்கள். அந்தக் கிழமையே சுவரை இடித்தார்கள். பிறகும் ஏழு தரம் போனேன். இப்போது, அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்கிறார்கள்.

கொழும்பில் நீ ஏறி இறங்கும் கந்தோர்களில் அத்தாட்சி கேட்கிறார்களாம், உன் தங்கை ஜெனீற்றா சொன்னாள். கொப்பியை இத்துடன் அனுப்புகிறேன். இருநூற்றுப் பதினாலு கல்லும் என் கையெழுத்தில் இருக்கின்றன. டிலோனின் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் விளங்கும். அந்தக் கோயிலுக்கு மிஞ்சியது இது மட்டும்தான். பிரதி எடுக்கவில்லை. திருப்பித் தரமாட்டார்கள். கேட்காதே.

இதைப் பார்த்து அவரைக் காட்டுவார்கள் என்று நானும் நம்பவில்லை. ஆனாலும் கொடு. “எழுதினது என்ர அப்பா, அவரைப் பிடியுங்கோ” என்று முகத்துக்கு நேரே சொல்லு. என் பெயரையும் விலாசத்தையும் வடிவாக எழுதிக் கொடு. நான் வீட்டில்தான் இருப்பேன். படலையைப் பூட்டுவதில்லை.

உன்னை ஆண்டவரிடம் ஒப்படைக்கும்,
அப்பா
சூ. இராயப்பு