கரும்பலகையில் தனம்

பிரிக்பீல்ட்ஸ்
12-3-1934

அன்புள்ள நாகையா,

நான் சுகம். நீயும் பவுனம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை தனத்தின் சேட்டை குறைந்ததா?

நீ அனுப்பிய இங்கிலீஷ் பயிற்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். "நாட் ஒன்லி" வந்தால் "பட் ஆல்சோ" வர வேண்டும். "நெய்தர்" வந்தால் "நார்". இதுவரை சரி. ஆனால் ஜோடியில் ஒன்றுக்குப் பின்னால் வருகிற அமைப்பேதான் மற்றதற்குப் பின்னாலும் வர வேண்டும். காண்டாக்கம்பில் ஒரு பக்கம் பால் வாளியும் மறுபக்கம் பூனையும் தொங்கினால் தோள் என்னத்துக்கு ஆகும்?

மாடு, பூனை என்று எழுதினால் மனம் ஒட்டாதடா. உன் வீட்டில் நடந்த உண்மையை எழுது. என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? பரீட்சையில் தேறிக் கிட்டங்கி ஆபீசில் பெரிய கிராணி ஆக வேண்டுமா, வேண்டாமா?

உன்
வேலாயுதம்


கிள்ளான்
2-4-1934

அன்பு வேலாயுதம்,

ரயில்வே ஆபீசுக்குப் போன நாளிலிருந்து உனக்கு வாய் நீளம்தான். இருந்தாலும் சொன்னபடி உண்மையையே எழுதியிருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தை எழுதுமுன் கதவைச் சாத்திக்கொண்டேன். "தனத்தை நாங்கள் பெறவும் இல்லை, கேட்டு வாங்கவும் இல்லை" என்று நெய்தர், நார் வைத்து எழுதியிருக்கிறேன். கேரித் தீவில் அவளைப் பெற்றவள் காய்ச்சலில் செத்தபோது பவுனு கைக்குழந்தையாகத் தூக்கி வந்தாள். அதன் பிறகுதான் கிள்ளானுக்குக் குடிவந்தோம். இங்கே யாருக்கும் தெரியாது. தனத்துக்கும் தெரியாது. அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று பவுனு காத்திருக்கிறாள்.

திருத்திவிட்டுக் கிழித்துப் போடு.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்
10-4-1934

நாகையா,

சபாஷ்! இரண்டு பக்கமும் ஒரே கனம். வெள்ளைக்காரன் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான். தாளைக் கிழித்துவிட்டேன், கவலை வேண்டாம்.

கோயில் பக்கத்து அறையில் மாலை வகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். காப்பார், கிள்ளானிலிருந்துகூடப் பையன்கள் ரயிலேறி வருகிறார்கள். உன் நண்பன் இப்போது வாத்தியார், தெரிந்துகொள்!

வேலாயுதம்


கிள்ளான்
18-6-1934

வேலாயுதம்,

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு உன் வகுப்புக்குத்தான் வருகிறானாம். நேற்று வாசலில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படித்தான். பவுனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தனத்துக்குத் தெரியும். அவளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கச் சொன்னவனே நீதான்.

உள்ளே ஓடிவந்து கேட்டாள்: "அம்மா, அந்தண்ணன் என் பேரச் சொல்லிப் படிக்கிறாரு. நெய்தர்னா ரெண்டும் இல்லன்னுதானே? அப்ப நான் யாரு புள்ள?"

பவுனு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வாக்கியத்தை வகுப்பில் சொன்னது நீயா? ஒரு வரி எழுது.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்
20-6-1934

நாகையா,

தாளைக் கிழித்தது சத்தியம். வாக்கியம் மனசில் நின்றுவிட்டது. பாடம் நடத்தும்போது அதைவிட நல்ல உதாரணம் தோன்றவில்லை, கரும்பலகையில் எழுதிவிட்டேன். பேரை மாற்றியிருக்க வேண்டும். வகுப்பே சேர்ந்து சொன்னபோது நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை பேரில் உன் பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான் என்று கண்டேனா?

சனிக்கிழமை வருகிறேன். அது இலக்கணத்துக்காகச் சொன்ன பொய் என்று தனத்திடம் நானே சொல்கிறேன்.

வேலாயுதம்


கிள்ளான்
21-6-1934

வேலாயுதம்,

வராதே. பவுனு தனத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஊரே வாசலில் காது வைத்து நிற்கும்போது சொன்னாள். அவள் காத்திருந்தது இப்படிச் சொல்வதற்கு இல்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். உன்னை நம்பினேனே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

பரீட்சைக்கு நான் போகவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

தனம் அழவில்லை. போன வாரம்வரை என் தட்டில் கைவிட்டு மீன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவள். இன்று மத்தியானம் பக்கத்தில் வந்து நின்று, "ஒண்ணு எடுத்துக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

நாகையா