சேர்க்கலாம்

மார்ச் 4

எம்.எல்.ஏ.வாகி அவைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்னும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன். இங்கே உட்கார்ந்து நாங்கள் சொல்லும் வார்த்தை எங்கோ முகம் தெரியாத ஒருவரின் வாழ்க்கையாகிவிடுகிறது. வெறும் வார்த்தை! நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்று குழுவில் அவசர சிகிச்சை மசோதா. அடிபட்டு வருபவரைப் பணம் கேட்காமல் தனியார் மருத்துவமனைகள் ‘சேர்க்க வேண்டும்’ என்றது எதிர்க்கட்சி. அந்த வரியே கூடாது என்றது எங்கள் கட்சி. நான் நடுவில் புகுந்து, “‘சேர்க்கலாம்’னு போடுவோமே” என்றேன். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டியது. எங்கள் கட்சிக் கொறடா என் தோளை அணைத்து, “உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா சபையில சண்டையே வராதுய்யா” என்றார்.

மார்ச் 5

நேற்றைய பாராட்டில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 8

சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “சனிக்கிழமை என் ஓட்டப்பந்தயத்துக்கு வரீங்களாப்பா?”

“வரலாம்மா.”

அவள் அம்மாவிடம் திரும்பினாள். “அப்பா வரல.”

“வரலாம்னுதானே சொன்னேன்?”

“உங்க ‘லாம்’ எங்களுக்குத் தெரியாதா?”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. தனியார் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். “எங்க மேனேஜரும் உங்க மசோதாவை இப்படித்தானே படிப்பார்?” என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மசோதாவை எடுத்துப் படித்தேன்.

மார்ச் 9

சட்ட வரைவு அதிகாரியைப் பார்த்தேன். ‘லாம்’ என்றால் விருப்பம், ‘வேண்டும்’ என்றால் கடமை, அவ்வளவுதான் என்றார். பிறகு தயங்கி, “ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வழி விடத்தான் அப்படிப் போட்டீங்கன்னு நினைச்சேன், சார்.”

அடப்பாவமே. என்னைப் பற்றி இவ்வளவு மோசமாகவா நினைத்தார்? இல்லை, சாமர்த்தியக்காரன் என்று மரியாதையாகத்தான் நினைத்திருக்கிறார். அதுதான் வலிக்கிறது.

மார்ச் 11

திருத்தம் கொண்டுவரப் போகிறேன் என்று கொறடாவிடம் சொன்னேன்.

“நீ போட்ட வார்த்தையை நீயே எடுப்பியா? கொண்டு வா. அப்புறம் கட்சியில உனக்கு இடம் கிடையாது.”

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பதினெட்டு வயதில் கொடி பிடித்த கட்சி. எங்கே போவேன்? யாரிடம் போய் நிற்பேன்?

மார்ச் 14

எழுந்து நின்றேன். “‘சேர்க்கலாம்’ என்பதற்குப் பதிலாக ‘சேர்க்க வேண்டும்’.” அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் வரிசைகளில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமும் இதில் ஏதோ சூழ்ச்சி என்று முழித்தது. பிறகு எதிர்க்கட்சி வரிசையில் அந்த அம்மாள் எழுந்தார் — ‘பட்டாசு’ என்று நாங்கள் கிண்டல் செய்பவர், என்னை மதில்மேல் பூனை என்று இதே அவையில் கிழித்தவர். “ஆதரிக்கிறேன்” என்றார். ஒரே வார்த்தை. அவர் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எங்கள் பக்கம்! இன்னொன்று. இன்னும் சில. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. மனிதர்கள் இவ்வளவு பெரியவர்களா? இத்தனை நாள் இவர்களோடுதானா டீ குடித்துக்கொண்டிருந்தேன்?

நிறைவேறியது.

மார்ச் 15

நீக்கிவிட்டார்கள். செய்தியில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 20

கட்சி அலுவலகத்தில் என் பெயர்ப்பலகையைக் கழற்றியாகிவிட்டதாம். அந்த வழியாகப் போவதைத் தவிர்க்கிறேன். நெஞ்சு கனக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் இந்த வாரம் அமலுக்கு வந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “சாரத்துல இருந்து விழுந்த ஒரு கொத்தனாரைத் தூக்கிட்டு வந்தாங்க. பேர் தெரியாது, கூட வந்தவங்களும் வழிப்போக்கங்க. மேனேஜர் என்னைப் பார்த்தார். ‘வேண்டும்னு இருக்கு சார்’னேன். கதவைத் திறந்துட்டாங்க.”

“பிழைச்சாரா?”

“கண்ணு முழிச்சுட்டார். தண்ணி கேட்டாராம்.”