செஞ்சோற்றுக்கடன் என்று நான் எழுதிய இடம்

டீச்சர்,

இன்று காலை உங்கள் கையெழுத்துப் பிரதியைத் திறந்தேன். தைல வாசம். மூட்டுவலிக்குத் தேய்த்த கையோடுதான் எழுதுவீர்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? தாளை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

குன்னூர்ப் பள்ளியில் உங்களுக்கு வரலாறு, எனக்குத் தமிழ். ஓய்வுக்குப் பிறகு உங்கள் யூதக் குடும்பத்தின் கதையை நீங்கள் ஆங்கிலத்தில் எழுத, நான் தமிழாக்கினேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயின் துரத்திய உங்கள் முன்னோருக்குத் துருக்கியின் உதுமானிய சுல்தான் அடைக்கலம் தந்தார். பண்டிகைக்குப் பண்டிகை அந்த நன்றியைச் சொல்வார்களாம். புர்சா நகரில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்க இந்த மலைக்கு வந்த உங்கள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அதை நான் பெருமையாகச் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்று எழுதிவைத்தேன்.

“ஏனுங்க சார், இதென்ன வார்த்தைங்க?” என்றீர்கள்.

“சோறு போட்டவங்க தப்பே செஞ்சாலும் அவங்க பக்கம் நிக்கறதுங்க.” சொன்ன பிறகுதான் என் பிசகு உறைத்தது. “நன்றின்னே மாத்திடறனுங்க டீச்சர்.”

பேனாவை மூடி வைத்தீர்கள். “மாத்தாதீங்க. அதுதானுங்க நடந்துச்சு.”

அதுவரை எழுதாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். உங்கள் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எதிர்வீட்டு ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சுல்தானின் சிப்பாய்கள் கூட்டிப்போனார்கள். அப்பா வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். போனவர்கள் திரும்பவேயில்லை.

“வாயத் தொறந்தா நமக்கும் அதே கதின்னு பயமுங்க. அந்தப் பயத்துக்குத்தான் நன்றின்னு பேர் வெச்சுட்டோம். எங்காளுங்க எழுதுன புத்தகத்துலயெல்லாம் சுல்தான் நல்லவருங்க. எதிர்வீடே இருக்காது.”

அன்று மாலையே அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தீர்கள்.

நேற்றுப் பதிப்பாளர் போனில் பேசினார். “அந்த ஒரு பக்கம் வேண்டாமுங்க சார். அடைக்கலம் குடுத்ததோட முடிச்சா யாருக்கும் மனக்கசப்பு இல்ல. டீச்சரும் இப்ப இல்லீங்களே.”

நான் வம்புதும்புக்குப் போகாதவன். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, உங்களைக் கேட்கலாமென்று உங்கள் எண்ணைப் பாதி அழுத்திவிட்டேன் டீச்சர். அப்புறம்தான் நினைவு வந்தது. உங்கள் குரலில் ஒரு அதட்டல் கேட்டால் போதும் என்றிருந்தது.

இன்று அவரைக் கூப்பிட்டு, “அவங்க இல்லீங்க. அதனாலதான் எடுக்க முடியாதுங்க” என்றேன். அப்படியானால் புத்தகம் வராது என்றார். வேறு யார் போடுவார்களோ, தெரியவில்லை. பிரதி என்னிடம்தான் இருக்கிறது.

அந்த எதிர்வீட்டுக்காரர்களின் பெயர் உங்கள் அப்பாவுக்கே மறந்துபோயிருந்தது. புர்சா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் இந்த ஊரில் அவர்களை நினைக்க இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன்.